செம்மறியை நாய் என்ற பையன்

கேள்வி: நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். மகன் இரண்டாம் வகுப்பு. பொங்கலுக்கு மேச்சேரி பக்கம் என் மாமியார் ஊருக்குப் போனபோது, பட்டியில் நின்ற செம்மறியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார்கள். "நாய்" என்றான். எருமையைக் "கருப்பு மாடு" என்றான். பால் எங்கிருந்து வருகிறது என்றால் "பூத்திலிருந்து" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இனி ஊருக்கே வரமாட்டேன் என்கிறான். இத்தனைக்கும் பள்ளியில் விலங்குப் பாடத்தில் முழு மதிப்பெண். படப் புத்தகம் வாங்கித் தரட்டுமா, உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப் போகட்டுமா?
- ஓர் அம்மா, சேலம்.

பதில்: மேச்சேரி ஆட்டை நாய் என்றதற்கு நான் உங்கள் பையனைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்புச் சுவரில் தொங்கும் படத்தில் செம்மறி பஞ்சுமூட்டை மாதிரி வெள்ளையாக இருக்கும். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி ரோமமே கிடையாது. வெளிர் பழுப்பு நிறம், உடம்போடு ஒட்டிய குட்டை முடி. கறிக்கும் தோலுக்கும் வளர்க்கிற ஆடு அது. நம் தெருநாய் பாதிக்கு அதே நிறம்தானே! பன்றியும் இப்படித்தான். படத்தில் ரோஸ் நிறம், நம் ஊரில் கறுப்பு. பையன் படத்தைச் சரியாகப் படித்திருக்கிறான். படம்தான் வேறு ஊருடையது.

"கருப்பு மாடு" கொஞ்சம் தப்பு. பசுவும் எருமையும் வேறு வேறு இனம், சேர்ந்து கன்று போடாது. ஆனால் சிரித்த பெரியவர்களிடம் நீங்கள் ஒன்று கேட்கலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் வந்து நிற்கிறதே காட்டெருமை, அது எருமைக்கு உறவா, பசுவுக்கு உறவா? பெயரில்தான் எருமை. உறவில் அது மாட்டுக்குத்தான் நெருக்கம்.

பால் விஷயத்தில் பெரியவர்களே தடுமாறுவார்கள். கன்று போடாத மாடு பால் தராது என்பதை யோசித்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர். பசு சினைப்பட்டு ஒன்பது மாதம் சொச்சம், எருமைக்குப் பத்து மாதம், ஆட்டுக்கு ஐந்து. கன்று பிறந்தால்தான் மடியில் பால் சுரக்கும், முதலில் வருவது சீம்பால். அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை நிறுத்திவிடுவார்கள். இதைக் கேட்டால் பையன் "அப்போ அது கன்னுக்குட்டியோட பாலா?" என்பான். ஆமாம் என்று சொல்லுங்கள்.

புத்தகம் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். குரும்பப்பட்டி பூங்காவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள், மான் பார்க்கலாம். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு மருந்து அதுவல்ல. ஐம்பது விலங்கை ஒருமுறை பார்ப்பதைவிட ஒரு மாட்டை இருபது முறை பார்ப்பது மேல். அக்கம்பக்கத்தில் மாடு கட்டியிருப்பவரை விசாரித்து, சாயந்திரம் கறக்கிற நேரத்துக்குக் கூட்டிப் போங்கள். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் புல்லை வளைத்துப் பிடிக்கிறதைப் பார்த்தால் ஏன் என்று அவனே கேட்பான். படுத்துக்கொண்டு அசைபோடுவதையும் பார்க்கட்டும். பின்பக்கமாகப் போகக் கூடாது, புதிதாய்க் கன்று போட்ட மாட்டை நெருங்கக் கூடாது, வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மற்றதெல்லாம் அவன் பாடு.

ஒருநாள் பட்டியில் ஒரு குட்டி குறையும், "எங்கே போச்சு?" என்பான். கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தால் அதைச் சொல்லுங்கள். கறிக்கா என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்லுங்கள். கேட்காதவரை நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். "பாட்டி ஊருக்குப் போயிருக்கு" என்ற கதை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, ஊருக்கு வரமாட்டேன் என்கிறானே, அதற்கு வருகிறேன். சொந்தக்காரர்களிடம் அவன் இல்லாத நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்புறம் மாமியாரிடம் போனில் ஓர் உதவி கேளுங்கள். கோழி அடைக்கு உட்கார்ந்தால் சொல்லச் சொல்லுங்கள். உடனே முட்டை வைத்துவிடாமல், நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு வரும் வார இறுதிவரை பொறுக்கச் சொல்லுங்கள். கடை முட்டையை எடுத்துப் போய்விடாதீர்கள், அது பொரியாது. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழியோடு சேவலை விடுவதில்லை. பாட்டி வீட்டுக் கோழி முட்டைதான் வேண்டும். குஞ்சு வர 21 நாள். காலண்டரில் அவனையே எண்ணி வட்டம் போடச் சொல்லுங்கள், அந்த நாளில் ஊருக்குப் போகலாமா என்று அவனே கேட்பான்.

அடை வைக்கும்போது, வேறு கோழி பிறகு வந்து இடுகிற முட்டை கலந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு முட்டையிலும் கரியால் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டை அவன் கையால் போடட்டும்.