பச்சரிசி மாவில் தாங்யுவான் வருமா? – வாசகர் கேள்வி பதில்

வேலைக்குப் போய்க்கொண்டே சீனப் பண்டிகைகளைக் கொண்டாடுவது பற்றிச் சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: என் மனைவி ஈப்போவில் பிறந்த மலேசியச் சீனர். இருவருக்கும் ஐ.டி. வேலை. 2027-ல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, சனிக்கிழமை. முந்தின நாள் இரவுச் சாப்பாடுதான் முக்கியம் என்கிறார். அன்று எங்களுக்கு ஆபீஸ். சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், அழகாபுரம்

பதில்: மாற்றாதீர்கள். பழைய வருடத்தின் கடைசி ராத்திரி குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அந்த விருந்து. அந்த நாளை விட்டுவிட்டால் அது இன்னொரு வீக் எண்ட் சாப்பாடு, அவ்வளவுதான். ஐட்டங்களைக் குறையுங்கள். ஒரு முழு மீன், ஒரு கீரை, சோறு, நியன் காவ் என்ற அரிசிமாவு இனிப்பு போதும். வீட்டைக் கூட்டித் துடைப்பது, நாம் போகிக்குள் முடிப்பதுபோல, முந்தின வாரமே முடிந்திருக்க வேண்டும். புத்தாண்டு அன்று துடைப்பத்தைத் தொட்டால் வந்த அதிர்ஷ்டத்தையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுவோம் என்பது அவர்கள் நம்பிக்கை.

நியன் காவை ஜனவரி 31, ஞாயிறன்றே செய்துவிடலாம். ஒட்டரிசி மாவு (glutinous rice flour) 300 கிராம், நாட்டுச் சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 300 மில்லி. சர்க்கரையைச் சுடுதண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பிறகே மாவில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மாவு அங்கங்கே வெந்து கட்டி தட்டும். வடிகட்டி, அனலில் வாட்டிய வாழை இலை விரித்த பாத்திரத்தில் ஊற்றி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள். இட்லிக் குண்டான் மூடிக்குத் துணி கட்டாவிட்டால் நீர் சொட்டி மேல்பக்கம் குழகுழவென்று நிற்கும். நடுவில் தண்ணீர் வற்றினால் கொதிநீர்தான் விட வேண்டும். சூட்டோடு வெட்டினால் கத்தியில் அப்பிக்கொள்ளும். ஒரு ராத்திரி ஆறட்டும். பிறகு ஃபிரிட்ஜ். வெள்ளிக்கிழமை கல்லாக இறுகியிருக்கும், பயப்பட வேண்டாம். விரல் தடிமனில் வெட்டி, முட்டையில் தோய்த்து, கொஞ்சம் எண்ணெயில் புரட்டினால் இளகிவிடும்.

மீனைத் தலை வால் வெட்டாமல் வேகவைக்க வேண்டும். அரைக் கிலோ ஜிலேபிக் கெண்டை, தட்டுகளை எடுத்துவிட்ட இட்லிக் குண்டானுக்குள் அடங்கும். நீர் நன்றாகக் கொதித்த பின் உள்ளே வைத்து 10 நிமிடம். தட்டில் தேங்கும் நீரில்தான் சேற்று வாடை. அதைக் கொட்டிவிட்டு, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, புகை வரக் காய்ச்சிய எண்ணெயும் சோயா சாஸும் ஊற்றுங்கள். முழுவதையும் காலி செய்யாமல் கொஞ்சம் மிச்சம் வைப்பது முறை.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகிய, பாகில் போட்டுச் சாப்பிடும் தாங்யுவான் உருண்டைகளைக் கொழுக்கட்டை மாவில் செய்தேன். வெடித்துவிட்டது, ஆறியதும் ரப்பர்கூட இல்லை, கட்டை. எங்கே தவறு? டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை வரும் குளிர்காலத் திருநாளுக்குள் சொல்லுங்கள்.
– வாசகி, சூரமங்கலம்

பதில்: உங்கள் கையில் தவறில்லை, மாவில்தான். பச்சரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து பொதுவாக 20 சதவீதத்தைத் தாண்டும். ஆறினால் இறுக்குவது அதுதான். ஒட்டரிசியில் அது கிட்டத்தட்ட இல்லை. ஒட்டரிசி மாவை ஆன்லைனில் வரவழைத்துவிடுங்கள். 200 கிராம் மாவுக்கு வெதுவெதுப்பான நீர் 160 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. எலுமிச்சை அளவு கிள்ளி, கொதிநீரில் போட்டு, மிதந்ததும் எடுத்து மற்ற மாவோடு சேர்த்துப் பிசைந்தால் உருட்டும்போது விரிசல் விடாது. ஞாயிறன்று உருட்டித் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தால், செவ்வாய் மாலை ஆபீஸ் விட்டு வந்து அப்படியே கொதிநீரில் போடலாம். வெளியில் வைத்து இளகவிட்டால் பிளந்துவிடும். பாகுக்கு இஞ்சி தட்டிப் போட்ட கருப்பட்டி பிரமாதமாகச் சேரும்.

மாவு வந்து சேரவில்லையா? சேலத்துக்காரர் கவலைப்படுவானேன். தைவானில் செய்யும் சர்க்கரைவள்ளி உருண்டைக்கு வேண்டியது நம் ஊர் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச்தான். வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு 300 கிராம், ஸ்டார்ச் 130 கிராம், சர்க்கரை இரண்டு ஸ்பூன். கிழங்கு சூடாக இருக்கும்போதே பிசையுங்கள், ஆறினால் உதிரும். உதிர்ந்தால் இன்னும் ஸ்டார்ச் கொட்டாதீர்கள், கடினமாகிவிடும், சுடுதண்ணீர் தெளியுங்கள். ஜவ்வரிசியை மிக்ஸியில் அரைத்து இதற்குப் போடக் கூடாது. அது ஃபேக்டரியிலேயே வறுத்துப் பாதி வெந்தது, பச்சை ஸ்டார்ச்போல் பிடிக்காது.

கேள்வி: புத்தாண்டுச் சமயத்தில் சிங்கப்பூர் சீன மேனேஜர் குடும்பத்தோடு சேலம் வருகிறார். அவர் குழந்தைகளுக்கு 101 ரூபாய் வைத்துக் கொடுக்கலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: கூடாது. நமக்கு மங்கலமான அந்த ஒரு ரூபாய் அங்கே இடிக்கும். ஒற்றைப்படைத் தொகை சாவு வீட்டுக்கு. மொய்க் கவரில் ஒட்டியிருக்கும் நாணயத்தையும் பிய்த்துவிடுங்கள். வெள்ளைக் கவரும் துக்கத்துக்கு உரியது, சிவப்புக் கவர் வாங்குங்கள். 200, 600, 800 நல்லது; 400 வேண்டாம். புது நோட்டு, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். கூடவே கமலா ஆரஞ்சு இரண்டு.

கேள்வி: முன்னோர் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் சிங்மிங் நாளான ஏப்ரல் 5-க்கு லீவு கிடைக்காது. பெனாங்கில் இருக்கும் மாமனார் கல்லறைக்கு எப்போது போவது?
– வாசகர், ஐந்து ரோடு

பதில்: இது இளகிய பண்டிகை. மலேசியக் குடும்பங்கள் பல முன்னே பத்து நாள், பின்னே பத்து நாள் வரை ஏற்றுக்கொள்கின்றன. மாமியார் வீட்டில் எந்த ஞாயிறு போகிறார்கள் என்று கேட்டு டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: 2026 செப்டம்பர் 25 நிலவுத் திருநாளுக்கு ஆபீஸ் நண்பர்கள் ஏற்காடு வருகிறார்கள். வான விளக்கு பறக்கவிட எந்த இடம் நல்லது?
– வாசகி, ஏற்காடு

பதில்: எந்த இடமும் இல்லை. எரியும் விளக்கு எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, சுற்றிலும் காபித் தோட்டமும் காடும். இந்தத் திருநாளுக்கு வழக்கமே கையில் பிடிக்கும் காகித விளக்குதான். மெழுகுவர்த்திக்குப் பதில் சின்ன எல்.ஈ.டி. போடுங்கள். நிலா கிழக்கே, சூரியன் மறைவதையொட்டி எழும். அதனால் கிழக்கே இருக்கும் பகோடா பாயிண்ட் பக்கம் போங்கள். லேடீஸ் சீட் பார்ப்பது சேலத்தை. செப்டம்பரில் மேகம் மூடுவது சகஜம் என்பதால், கூரையுள்ள இடம் ஒன்றையும் பார்த்து வையுங்கள். இந்தத் திருநாளின் இனிப்பான மூன்கேக்கை வீட்டில் சுடுவதானால் செவ்வாய்க்கிழமையே சுட்டு டப்பாவில் மூடிவிடுங்கள். சுட்ட அன்று ஓடு வறண்டு கடினமாக இருக்கும்; உள்ளிருக்கும் எண்ணெய் மேலே ஊறி மெத்தென்று ஆக இரண்டு மூன்று நாள் வேண்டும். எட்டாக வெட்டிப் பால் சேர்க்காத டீயோடு கொடுங்கள், ஒருவருக்கு ஒரு துண்டுக்கு மேல் இறங்காது.