ரூட் லாகர் வார்னிங்கில் இருந்தும் இன்ஃபோ வரிகள் கோப்பில் சேர்வது ஏன்?

கேள்வி: எங்கள் இணையக் கடை பைத்தானின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதப்பட்டது, கூனிகார்ன் என்ற சர்வர் வழியாக இயங்குகிறது. செட்டிங்ஸ் கோப்பில் ‘கன்சோல்’ ஹேண்ட்லருக்கு இன்ஃபோ நிலை கொடுத்திருக்கிறேன். ‘ஃபைல்’ ஹேண்ட்லருக்கு நிலை எதுவும் கொடுக்கவில்லை. ‘ஷாப்’ லாகருக்கு இன்ஃபோ நிலையும் இந்த இரண்டு ஹேண்ட்லர்களும், ‘ஷாப்.பேமெண்ட்ஸ்’ லாகருக்கு டீபக் நிலை மட்டும், ரூட்டுக்கு வார்னிங் நிலையும் ஃபைல் ஹேண்ட்லரும் உள்ளன. பேமெண்ட்ஸின் டீபக் வரிகள் கன்சோலில் வருவதில்லை. கோப்பிலோ ஷாப்பின் ஒவ்வொரு வரியும் இருமுறை இருக்கிறது. ரூட் வார்னிங்கில் இருந்தும் இன்ஃபோ வரிகள் அதில் நிறைகின்றன. செட்டிங்ஸ் கோப்பு இம்போர்ட் செய்யும் ‘காமன்.கான்ஃபிக்’ மாட்யூலிலிருந்து எரர் வரிகூட எங்கும் காணவில்லை. கூனிகார்னை டீபக் நிலையில் தொடங்கியும் பயனில்லை. எங்கே தவறு?

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் அமைப்புக்கு இந்த விளைவுகள் அனைத்தும் விதிப்படியே வருகின்றன. லாகரின் நிலை, பதிவு மேலேறிச் செல்லும் வழியில் ஒவ்வொரு படியிலும் சோதிக்கப்படும் என்று கருதியே பெரும்பாலோர் இத்தகைய அமைப்பை எழுதுகிறார்கள். பைத்தான் அவ்வாறு சோதிப்பதில்லை. கோப்பில் இன்ஃபோ வரிகள் சேர்வதும் வரிகள் இரட்டிப்பதும் இந்த ஒரே இடத்திலிருந்து தொடங்குவதால், முதலில் பதிவு ஒன்று பயணம் செய்யும் பாதையைச் சொல்லிவிடுகிறேன். லாகர் என்பது நிரல் தன் பதிவுகளை ஒப்படைக்கும் பெயருள்ள இடம், ஹேண்ட்லர் அவற்றைத் திரையிலோ கோப்பிலோ எழுதும் பகுதி, ரூட் எல்லா லாகர்களுக்கும் மேலே உள்ள லாகர்.

பைத்தானின் லாகிங் மாட்யூல் 2003இல் வெளியான 2.3ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதன் வடிவமைப்பில் ஜாவா உலகின் லாக்ஃபோர்ஜே என்ற லாகிங் நூலகத்தின் தாக்கம் உண்டு. ஆகவே ஜாவாவிலிருந்து வருபவர்களுக்குக் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி பழக்கமானதாகவே இருக்கும். நிலைகள் உள்ளே வெறும் எண்கள்: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. நிலை எதுவும் தரப்படாத லாகருக்கு நாட்செட், அதாவது 0. ‘ஷாப்.பேமெண்ட்ஸ்’ என்பது ‘ஷாப்’பின் பிள்ளை, ‘ஷாப்’ ரூட்டின் பிள்ளை என்ற உறவு பெயரிலுள்ள புள்ளியால் மட்டுமே அமைகிறது. பைத்தான் கிளாஸ்களுக்கிடையே உள்ள மரபுரிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘ஷாப்_யூட்டில்ஸ்’ என்று பெயரிட்டால் நடுவில் புள்ளி இல்லாததால் அது ‘ஷாப்’பின் பிள்ளையாகாமல் நேரே ரூட்டின் கீழ் போய் நிற்கும்.

ஒரு லாகரில் இன்ஃபோ வரி ஒன்றை எழுதச் சொன்னால், அந்த லாகருக்குச் சொந்த நிலை இருக்கிறதா என்று முதலில் பார்க்கப்படும். அது 0 என்றால் பெற்றோரிடமும், அங்கும் 0 என்றால் அதற்கு மேலும் சென்று, முதலில் கிடைக்கும் 0 அல்லாத நிலையே அந்த லாகரின் செயல்நிலையாக எடுத்துக்கொள்ளப்படும். ரூட்டுக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் அங்கே இருப்பது வார்னிங். புதிதாக எழுதிய மாட்யூலின் இன்ஃபோ வரிகள் காணாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். நிலையை இவ்வாறு மேலிருந்து கடன் வாங்குவது, பதிவு பிறக்கும் லாகரில், பிறக்கும் அந்தக் கணத்தில், ஒரே ஒருமுறைதான் நடக்கிறது.

அந்தச் சோதனையைத் தாண்டிய பதிவு அதன் சொந்த லாகரின் ஹேண்ட்லர்களுக்கும், பிறகு பெற்றோரின் ஹேண்ட்லர்களுக்கும், அப்படியே ரூட்டின் ஹேண்ட்லர்கள் வரைக்கும் ஒப்படைக்கப்படுகிறது. இந்தப் பயணத்தில் பெற்றோர் லாகரின் நிலையோ அதில் மாட்டப்பட்டிருக்கும் ஃபில்டரோ (பதிவுகளைத் தடுக்கவோ மாற்றவோ செய்யும் பகுதி) ஒருபோதும் பார்க்கப்படுவதில்லை. ஒவ்வொரு ஹேண்ட்லரும் தன் சொந்த நிலையையும் தன் சொந்த ஃபில்டரையும் மட்டுமே பார்க்கிறது. கடவுச்சொல், அட்டை எண் போன்றவற்றை மறைக்கும் ஃபில்டரை ரூட் லாகரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்த வரியை இருமுறை படிக்க வேண்டும்: பிள்ளை லாகர்களிலிருந்து மேலேறும் பதிவுகளை அந்த ஃபில்டர் தொடவே தொடாது. அதை ஹேண்ட்லரில்தான் மாட்ட வேண்டும்.

இனி உங்கள் அமைப்புக்கு வருவோம். ஷாப்பில் பிறக்கும் இன்ஃபோ வரி, ஷாப்பின் சொந்த நிலையான இன்ஃபோவைத் தாண்டிவிடுகிறது. அது மேலேறி ரூட்டின் ஃபைல் ஹேண்ட்லரை அடையும்போது, ரூட்டின் வார்னிங் நிலையை யாரும் கேட்பதில்லை. ஃபைல் ஹேண்ட்லருக்கு நிலை தரப்படாததால் அது எதையும் மறுப்பதில்லை. ரூட்டின் வார்னிங் என்பது நேரடியாக ரூட்டில் எழுதப்படும் வரிகளுக்கும், சொந்த நிலையும் இடையில் வேறு நிலையும் இல்லாத லாகர்களுக்கும் மட்டுமே பொருந்தும். கோப்பில் வார்னிங்கும் அதற்கு மேலும்தான் வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், அந்த நிலையை ஃபைல் ஹேண்ட்லருக்குத் தந்துவிடுங்கள்.

வரிகள் இரட்டிப்பதும் அதே பயணத்தின் விளைவே. ஒரே ஃபைல் ஹேண்ட்லர் ஷாப்பிலும் ரூட்டிலும் மாட்டப்பட்டிருப்பதால், பதிவு வழியில் ஒருமுறையும் உச்சியில் மறுமுறையும் அதனிடம் ஒப்படைக்கப்படுகிறது. இதே ஹேண்ட்லரிடம் ஏற்கெனவே கொடுத்தோமே என்று லாகிங் மாட்யூல் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இதற்கு ஷாப்பில், பதிவை மேலே உள்ள ஹேண்ட்லர்களுக்கு அனுப்பலாமா என்று சொல்லும் ‘ப்ராபகேட்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கும்படி பலரும் ஆலோசனை சொல்வார்கள். அதைச் செய்தால் இரட்டிப்பு நிற்கும். ஆயினும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பிறகு ரூட்டில் நீங்கள் சேர்க்கும் எந்த ஹேண்ட்லரும் ஷாப்பின் வரிகளைப் பார்க்காது. டெஸ்ட் கருவியான பைடெஸ்டின் கேப்லாக் வசதி ரூட்டில் தன் ஹேண்ட்லரை மாட்டியே வரிகளைப் பிடிப்பதால், உங்கள் டெஸ்ட்களில் அந்த வரிகள் சிக்காமலும் போகும். ஹேண்ட்லர்களை ரூட்டில் மட்டும் வைத்து, பெயருள்ள லாகர்களுக்கு நிலையை மட்டும் தருவதே நீண்டகாலத்துக்குத் தொல்லையில்லாத ஏற்பாடு. ப்ராபகேட்டை ஃபால்ஸ் ஆக்குவது ஹேண்ட்லர்களுக்குச் செல்லும் பாதையை மட்டுமே அடைக்கிறது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்: சொந்த நிலை இல்லாத லாகர், ப்ராபகேட் ஃபால்ஸாக இருந்தாலும், தன் நிலையை மேலிருந்துதான் பெறும்.

பேமெண்ட்ஸின் டீபக் வரிகள் கன்சோலில் வராததற்குக் காரணம் எளிது. அவை லாகரின் சோதனையைத் தாண்டிவிட்டன. கன்சோல் ஹேண்ட்லர் தனக்கு இன்ஃபோ நிலை இருப்பதால் மறுத்துவிட்டது. கோப்பைத் திறந்து பார்த்தால் அதே டீபக் வரிகள் இரண்டிரண்டாக இருக்கும்.

காமன்.கான்ஃபிக் காணாமல் போனது வேறு வகையைச் சேர்ந்தது; இது சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது. ஜாங்கோ, செட்டிங்ஸில் நீங்கள் எழுதிய லாகிங் அகராதியை (டிக்‌ஷனரி), அதைப் படித்து லாகர்களை அமைக்கும் பைத்தானின் டிக்ட்கான்ஃபிகிடம் கொடுக்கிறது. அதில் ‘டிசேபிள்_எக்சிஸ்டிங்_லாகர்ஸ்’ என்ற சாவியை நீங்கள் எழுதாவிட்டால் அது ட்ரூ என்றே கொள்ளப்படும். அதன் பொருள், அந்தக் கணத்துக்கு முன்பே உருவாகிவிட்ட லாகர்களில், அகராதியில் பெயர் இல்லாதவையும் அப்படிப் பெயர் உள்ளவற்றின் பிள்ளைகள் அல்லாதவையும் முழுவதுமாக முடக்கப்படும் என்பதாகும். முடக்கப்பட்ட லாகரில் கிரிட்டிக்கல் வரியை எழுதினாலும் அது எங்கும் செல்லாது, எச்சரிக்கையும் வராது. செட்டிங்ஸ் கோப்பே இம்போர்ட் செய்வதால் உங்கள் காமன்.கான்ஃபிக் மாட்யூலின் லாகர், அமைப்பு நடைமுறைக்கு வரும் முன்பே பிறந்து, இந்த வலையில் சிக்கியிருக்கிறது. வியூக்களும் மாடல்களும் அதன் பிறகே இம்போர்ட் ஆவதால் அவற்றின் லாகர்கள் தப்பிவிடுகின்றன. ஒரே புராஜெக்டில் சில மாட்யூல்கள் பேசுவதும் சில ஊமையாக இருப்பதும் இதனால்தான்.

இதன் பாதிப்பு உங்கள் மாட்யூலோடு நிற்பதில்லை. உங்கள் அகராதியில் ‘ஜாங்கோ’ என்ற லாகர் இல்லாததால், 500 வகை (சர்வர்) பிழைகளை எரர் நிலையிலும் 400 வகை (கோரிக்கை) பிழைகளை வார்னிங் நிலையிலும் எழுதும் ‘ஜாங்கோ.ரிக்வெஸ்ட்’ லாகரும், ரன்சர்வர் திரையில் கோரிக்கைகளைக் காட்டும் ‘ஜாங்கோ.சர்வர்’ லாகரும் சேர்ந்தே முடங்கியிருக்கும். வாடிக்கையாளருக்கு 500 பக்கம் காட்டப்பட்டும் கோப்பில் ட்ரேஸ்பேக் (பிழை நேர்ந்த இடத்தின் விவரம்) இல்லாத நாள்கள் உங்களுக்கு இருந்திருந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். கோரிக்கைகளைப் பதியும் கூனிகார்னின் அக்சஸ் லாகரும், கோரிக்கைகளைக் கையாளும் வொர்க்கர் ப்ராசஸுக்குள் ஜாங்கோ ஏற்றப்படுவதற்கு முன்பே உருவாகிவிடுவதால், அதுவும் இதே வழியில் அடங்கிப்போகும். அந்தச் சாவியை வெளிப்படையாக ஃபால்ஸ் என்று எழுதுங்கள். அதை ட்ரூவாக வைத்திருப்பதற்கு வலைச்செயலியில் நியாயமான காரணம் ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை.

கூனிகார்னைத் தொடங்கும்போது தரும் லாக் நிலை, ‘கூனிகார்ன்.எரர்’ என்ற அதன் சொந்த லாகரை மட்டுமே பாதிக்கிறது. உங்கள் செயலியின் லாகர்களை அது தொடுவதில்லை. பெயரில் எரர் இருந்தாலும் தொடக்கச் செய்திகள் முதலான இன்ஃபோ வரிகளும் அந்த லாகரில்தான் வருகின்றன.

மாற்றங்களைச் செய்யும் முன், ஊகத்தை நம்பாமல், ஓடும் நிலையில் உண்மை என்ன என்று பார்த்துவிடுவது நல்லது. மேனேஜ்.பை ஷெல்லில் பார்ப்பது ஓரளவுக்கு உதவும். ஆனால் அங்கு இம்போர்ட் வரிசை கூனிகார்னில் இருப்பதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால், கூனிகார்ன் ஜாங்கோவை ஏற்றும் விஸ்கி (wsgi.py) கோப்பின் கடைசியில் தற்காலிகமாகச் சில வரிகளைச் சேர்த்து, சந்தேகத்துக்குரிய லாகரில் தொடங்கி ‘பேரண்ட்’ வழியாக ரூட் வரை ஏறி, ஒவ்வொரு படியிலும் பெயர், சொந்த நிலை, ‘கெட்எஃபெக்டிவ்லெவல்’ தரும் செயல்நிலை, ‘டிசேபிள்டு’, ‘ப்ராபகேட்’, ஹேண்ட்லர்களின் பட்டியல், ஒவ்வொரு ஹேண்ட்லரின் நிலை ஆகியவற்றைப் பிரிண்ட் செய்யுங்கள். லாகிங் வழியாக அன்றி நேரடியாக ஸ்டாண்டர்டு எரருக்கே பிரிண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. முழு மரத்தையும் ஒரே பார்வையில் காண விரும்பினால் ‘லாகிங்_ட்ரீ’ என்ற சிறு பேக்கேஜ் அதைப் படமாகவே வரைந்து காட்டும். வரி வரவில்லை என்றால் முதலில் டிசேபிள்டு, அடுத்து செயல்நிலை, அடுத்து ப்ராபகேட், கடைசியில் ஹேண்ட்லர் நிலை என்ற வரிசையில் பாருங்கள். வரி இரட்டித்தால் ஒரே ஹேண்ட்லர் இரண்டு படிகளில் தென்படுகிறதா என்பது மட்டுமே கேள்வி. எந்தப் படியிலும் ஹேண்ட்லரே இல்லாவிட்டால், 3.2 முதல் பைத்தான் வைத்திருக்கும் கடைசிப் புகலிடமான ஹேண்ட்லர், வார்னிங்கும் அதற்கு மேலும் உள்ளவற்றை ஸ்டாண்டர்டு எரரில் நேரமோ லாகர் பெயரோ இல்லாமல் செய்தியை மட்டும் எழுதும். அத்தகைய மொட்டை வரிகளைக் கண்டால் உங்கள் அமைப்பு அந்த இடத்தை இன்னும் எட்டவில்லை என்று பொருள். செட்டிங்ஸ் கோப்பு படிக்கப்படும்போதே காமன்.கான்ஃபிக் எழுதும் வரிகளும், சாவியைத் திருத்திய பிறகுகூட, இப்படித்தான் வரும். அவற்றைக் கோப்பில் தேட வேண்டாம்.

உங்கள் அமைப்பை நான் இப்படி மாற்றியிருப்பேன். முடக்கும் சாவி ஃபால்ஸ். கன்சோல் ஹேண்ட்லருக்கு நிலை வேண்டாம். ஃபைல் ஹேண்ட்லரை வைத்துக்கொள்வதானால் அதற்கு வார்னிங். இரண்டும் ரூட்டில் மட்டும் மாட்டப்படும். ரூட்டின் நிலை வார்னிங். ஷாப்புக்கு இன்ஃபோ, பேமெண்ட்ஸுக்குத் தேவைப்படும் நாள்களில் மட்டும் டீபக், காமனுக்கு இன்ஃபோ. இவை எதற்கும் ஹேண்ட்லர் கிடையாது. இவற்றுடன் ‘ஜாங்கோ’ லாகரையும் இன்ஃபோ நிலையோடு பெயர் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால், ஜாங்கோ தானாக அந்த லாகரில் மாட்டிவைத்திருக்கும் கன்சோல் ஹேண்ட்லரும் உங்கள் ரூட்டின் கன்சோல் ஹேண்ட்லரும் சேர்ந்து, டெவலப்மெண்ட் கணினியில் ஜாங்கோவின் வரிகளை இரட்டிக்கும். பெயர் சொன்னதும் பழைய ஹேண்ட்லர்கள் கழற்றப்படும். நிர்வாகிகளுக்கு எரர் மின்னஞ்சல் அனுப்பும் ஹேண்ட்லரும் அவற்றோடு போய்விடும் என்பதால், அது வேண்டுமானால் நீங்களே மீண்டும் அறிவிக்க வேண்டும்.

நிலையைச் சரியாக வைத்தும் வராத ஒன்று உண்டு. எஸ்க்யூஎல் வினவல்களை எழுதும் ‘ஜாங்கோ.டிபி.பேக்எண்ட்ஸ்’ லாகர், செட்டிங்ஸில் ‘டீபக்’ என்ற அமைப்பு (லாக் நிலை அல்ல) ட்ரூவாக இருந்தால் மட்டுமே பேசும். புரொடக்‌ஷனில் அந்த லாகருக்கு எந்த நிலை தந்தாலும் வினவல்கள் வராது. அதற்காகப் புரொடக்‌ஷனில் டீபக்கை ட்ரூ ஆக்கிவிடாதீர்கள். டேட்டாபேஸின் சொந்த லாகைப் பாருங்கள்.

ஃபைல் ஹேண்ட்லரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூனிகார்னின் ஒவ்வொரு வொர்க்கரும் தனித்தனி ப்ராசஸ். பல ப்ராசஸ்கள் ஒரே கோப்பில் எழுதுவதைப் பைத்தானின் லாகிங் ஆதரிப்பதில்லை என்று அதன் ஆவணமே கூறுகிறது. கோப்பைச் சுழற்றும் ஹேண்ட்லரைப் பயன்படுத்தினால் ஒரு வொர்க்கர் பெயர் மாற்றிய பழைய கோப்பிலேயே இன்னொன்று எழுதிக்கொண்டிருக்க நேரும். எல்லாவற்றையும் கன்சோல் வழியாக ஸ்டாண்டர்டு எரருக்கு அனுப்பி, சேகரிப்பதையும் சுழற்றுவதையும் சிஸ்டம்டியின் ஜர்னலிடமோ டாக்கரிடமோ விடுங்கள். இதே காரணத்தால், ஓடும் செயலியில் ஒரு வியூ மூலமாக நிலையை மாற்றினால் அந்தக் கோரிக்கையைப் பெற்ற வொர்க்கரில் மட்டுமே நிலை மாறும். மற்றவை பழைய நிலையிலேயே இருக்கும். நிலையைச் சூழல் மாறியிலிருந்து படிக்கும்படி செட்டிங்ஸில் எழுதி, மாற்ற வேண்டியபோது மாறியின் மதிப்பைத் திருத்திவிட்டு கூனிகார்னை முழுவதுமாக மறுதொடக்கம் செய்யுங்கள்.