எலிக்கு வந்த நோயால் மனிதருக்கு என்ன பயன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆய்வுக்காகச் சிறுநீரக நோய் உண்டாக்கப்பட்ட ஹேமன் எலிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அந்த எலிகளின் சிறுநீரகத்தில், உடலின் தற்காப்புக்கான எதிர்ப்புரதம் (antibody) தாக்குவது மெகாலின் என்ற புரதத்தை. மனிதருக்கு வரும் அதே வகை நோயில் மெகாலினுக்குப் பங்கே இல்லை என்று பிறகு படித்தேன். அப்படியானால் அத்தனை எலிகளைக் கொன்று நுண்ணோக்கியில் பார்த்தது வீண்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மெகாலின் பற்றி நீங்கள் படித்தது சரி. வீண் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த உயிர்களைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. அதனாலேயே அவை காட்டிக்கொடுத்ததை எளிதில் தள்ளிவிட மனம் வரவில்லை.

1959இல் வால்டர் ஹேமன், எலிகளின் உடலில் எலிச் சிறுநீரகத் திசுவையே அரைத்துச் செலுத்தினார். அவற்றின் சிறுநீரில் புரதம் ஏராளமாக வெளியேறத் தொடங்கியது. எதிர்ப்புரதத்தைக் காட்டும் ஒளிர்சாயம் ஏற்றிப் பார்த்தால், கரிய பின்புலத்தில், சிறுநீரக வடிகட்டியான குளோமருலஸின் நுண்குழாய்ச் சுவர் நெடுகிலும் பச்சைப் புள்ளிகள் மணிமணியாகத் தெரியும். 1930களில் ஜப்பானிய ஆய்வாளர் மசுகி விலங்குகளில் உருவாக்கிய சிறுநீரக நோயில் அப்படியல்ல, சுவர் முழுவதும் ஒரே கோடாக ஒளிரும். கோட்டின் காரணம் எளிது: எதிர்ப்புரதம் சுவரையே பற்றுகிறது. மணிகள் எங்கிருந்து வந்தன?

ஆய்வாளர் ஃபிராங்க் டிக்சன் முயல்களுக்கு மாட்டு ரத்தப் புரதத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோதும் இதே மணிகள்தாம். அந்நியப் புரதமும் எதிர்ப்புரதமும் ஒட்டி ரத்தத்தில் உருவாகும் திரள்கள் மிதந்து வந்து வடிகட்டியில் சிக்குகின்றன என்றார்கள். எலிக்கும் அதே விளக்கம் பொருந்தும் என்று பலர் நம்பினார்கள். 1978இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலியின் சிறுநீரகத்தைத் தனியே எடுத்து, அதனுள் எதிர்ப்புரதத்தை மட்டும் செலுத்திப் பார்த்தன. ரத்த ஓட்டமே இல்லை, மிதந்து வரத் திரளும் இல்லை. ஆனாலும் மணிகள் தோன்றின! மின்னணு நுண்ணோக்கியில் அவை சுவரின் வெளிப்புறத்தில், அச்சுவரை வெளியிலிருந்து போர்த்தியிருக்கும் போடோசைட் செல்களின் பாதங்களுக்கு அடியில் படிந்திருப்பது தெரியும். ஆக, தாக்கப்படும் புரதம் அந்தச் செல்லிலேயே இருந்தது.

எலி தந்த துப்பு இந்த இடம்தான். மனிதரின் போடோசைட்டில் இருக்கும் வேறொரு புரதத்தைத் தேட வேண்டும் என்பது அதிலிருந்தே தெளிவானது. 2009இல் அது கிடைத்தது: ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 ஏற்பி. வேறு காரணம் இல்லாமல் இந்த நோய் வருபவர்களில் சுமார் 70 சதவீதம் பேரிடம் இதற்கெதிரான எதிர்ப்புரதம் காணப்படுகிறது. இன்று சில நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் திசு எடுக்காமலே, ரத்தப் பரிசோதனையை வைத்து நோயை உறுதிசெய்ய முடிகிறது.