பணம் போடுகிறவரின் கணக்கு: வாசகர் கேள்விகள், ஆடிட்டர் பதில்கள்

திருப்பூர் வாசகர்: பனியன் கம்பெனிகள் தங்கள் ஆர்டரையும் சாயப்பட்டறைக்குப் போன துணியையும் கண்காணிக்க ஒரு மென்பொருள் செய்து, மாதச் சந்தாவுக்கு விற்கிறோம். அமெரிக்க வரி ஏறியதும் பலர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். வளரும் கம்பெனிகளில் பங்குக்குப் பணம் போடும் ஒரு வென்சர் கேபிடல்காரர், “டீம் நல்லா இருக்கு, ரெண்டு குவார்ட்டர் போகட்டும்” என்கிறார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இந்தத் தொழிலில் யாரும் முகத்துக்கு நேரே ‘இல்லை’ சொல்வதில்லை. நாளைக்கு நீங்கள் வளர்ந்துவிட்டால் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் இந்த இரண்டு குவார்ட்டர், அதாவது ஆறு மாதம்.

அவர் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். அவர் போடுவது பெரும்பாலும் அவர் பணம் அல்ல. வசதியான குடும்பங்களும் பெரிய நிறுவனங்களும் நம்பிக் கொடுத்த பணம். சுமார் பத்து வருடத்துக்குள் பெருக்கித் திருப்பித் தர வேண்டும். பத்துக் கம்பெனிகளில் போட்டால் பலவற்றில் முதலே தேறாது. ஒன்றிரண்டு மொத்த நஷ்டத்தையும் சுமக்க வேண்டும். அதனால் ‘லாபம் வருமா’ என்பதோடு அவர் நிற்கமாட்டார், ‘பல மடங்காகுமா’ என்றுதான் கேட்பார். 2021இல் அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தபோது இந்தக் கேள்விக்கு எல்லோரும் தாராளமாகத் தலையாட்டினார்கள். 2023 ஜூலையில் அதே வட்டி 5.25 முதல் 5.5 சதவீதம் வரை போனது. அங்கே அரசுப் பத்திரத்திலேயே ஐந்து சதவீதம் கிடைத்தபோது தலை அவ்வளவு சுலபமாக ஆடவில்லை.

உங்களிடம் அவர் பார்த்துப் பயப்படுவது மென்பொருளை அல்ல. வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே ஊர், அதிலும் ஏற்றுமதிக்காரர்கள். 2025 ஆகஸ்டில் வரி 50 சதவீதம் ஆனதும் உங்கள் வருமானமும் சேர்ந்து ஆடியது. லூதியானாவுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். அங்கே கம்பளி, ஸ்வெட்டர் பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்குப் போவது. ஏன், உள்நாட்டு வியாபாரம் நடக்கும் உங்கள் ஊர் காதர்பேட்டைக்கு சரக்கு கொடுப்பவர்களிடம் பேசினீர்களா? அப்புறம், வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பணத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

மதுரை வாசகர்: 25 சதவீதப் பங்குக்கு 5 கோடி தருவதாக டெர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைகளின் முன்வரைவு) வந்திருக்கிறது. ‘1 எக்ஸ் பார்டிசிபேட்டிங் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. அப்பா, “வட்டியில்லாக் காசுடா, கையெழுத்துப் போடு” என்கிறார்.

அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் கையெழுத்துக்கு முன் அந்த ஒரு வரியைப் பேசிவிடுவோம். லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்பது கம்பெனியை விற்றால் முதலீட்டாளர் மற்றவர்களுக்கு முன் பணம் எடுக்கும் உரிமை. 1 எக்ஸ் என்றால் போட்ட அளவு, 2 எக்ஸ் என்றால் அதில் இரு மடங்கு.

கம்பெனி நாளைக்கு 12 கோடிக்கு விற்கிறது என்று வையுங்கள். ‘பார்டிசிபேட்டிங்’ இல்லாமல் வெறும் 1 எக்ஸ் என்றால், முதலீட்டாளர் தன் 5 கோடியை எடுப்பார், அல்லது தன் பங்கான 3 கோடியை எடுப்பார். எது அதிகமோ அது. 5 எடுத்தால் மற்றவர்களுக்கு 7 கோடி. ‘பார்டிசிபேட்டிங்’ இருந்தால் முதலில் 5 கோடி, பிறகு மிச்சமுள்ள 7 கோடியிலும் 25 சதவீதம். ஆக அவருக்கு 6.75, உங்கள் பக்கத்துக்கு 5.25. அதுவே 2 எக்ஸ் பார்டிசிபேட்டிங் என்று மாறினால் அவர் முதலிலேயே 10 கோடி எடுத்துக்கொள்வார். மிச்சம் 2 கோடி, அதிலும் கால்வாசி அவருக்கு. 75 சதவீதம் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கிடைப்பது ஒன்றரைக் கோடி!

பணம் புழங்கும் காலத்தில் இந்த வார்த்தைகள் அதிகம் தென்படாது, சந்தை இறுகும்போது நுழையும். வேல்யூவேஷனை, அதாவது கம்பெனிக்குப் போடும் மதிப்பை, உயர்த்திக் காட்டி இந்த வரியைச் செருகுவது ஒரு பழக்கம். நான் என்றால் வேல்யூவேஷனைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ‘பார்டிசிபேட்டிங்’கை அடிக்கச் சொல்வேன். ஸ்டார்ட்அப் ஒப்பந்தம் பார்த்துப் பழகிய வக்கீலிடம் போங்கள். நிலப் பத்திரம் எழுதும் குடும்ப வக்கீல் நல்லவராக இருக்கலாம், இதற்கு அவர் போதாது.

நாகர்கோவில் வாசகர்: ஏஞ்சல் வரி இன்னும் இருக்கிறதா?

இல்லை. பங்கின் நியாய மதிப்புக்கு மேல் முதலீட்டாளர் தரும் பணத்தைக் கம்பெனியின் வருமானமாகக் கருதிப் போட்ட அந்த வரி 2012 பட்ஜெட்டில் வந்தது, 2024 ஜூலை பட்ஜெட்டில் போனது. ஆனால் மதிப்பீட்டு அறிக்கை இனி வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், கம்பெனிச் சட்டம் அதைக் கேட்கிறது.

ஈரோடு வாசகி: நானும் கணவரும் மஞ்சள்தூள், மசாலா செய்து விற்கிறோம். வருடம் 60 லட்சம் வியாபாரம். சூப்பர் மார்க்கெட்காரர்கள் மூன்று மாதம் இழுக்கிறார்கள். வென்சர் கேபிடல் வாங்கச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

உறவினர்கள் தொலைக்காட்சி நிறையப் பார்க்கிறார்கள்போல. மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்ன கணக்கு உங்கள் மசாலாவுக்கு ஒத்துவராது, வரவும் வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது வசூல். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். அதற்குள் தராதவர், உங்களுக்குப் பணம் கொடுக்கும் வருடம் வரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2023–24 நிதியாண்டிலிருந்து இதுதான் சட்டம். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடியுங்கள். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே உங்களைக் கூப்பிடுவார், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

இயந்திரம் வாங்கவென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டம் கேளுங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். வயது, படிப்பு நிபந்தனைகளையும், ஏற்கெனவே தொழில் நடத்துபவருக்குக் கிடைக்குமா என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகர்: ஜோஹோ வெளியார் பணமே வாங்கவில்லை. ஃபிரஷ்வொர்க்ஸ் வாங்கி அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் வரை போனது. நான் எந்த வழியில் போவது?

இன்று ஜோஹோ எனப்படும், 1996இல் தொடங்கிய ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம், தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்களுக்கு நெட்வொர்க் மென்பொருள் விற்றுப் பிழைத்தது. அந்த வருமானத்தில் நிதானமாகப் புதியவற்றைச் செய்து பார்த்தது. அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் வெளியே வந்து, வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளுக்காக ஃபிரஷ்டெஸ்க் (பின்னாளில் ஃபிரஷ்வொர்க்ஸ்) தொடங்கியபோது, அதே துறையில் ஸென்டெஸ்க் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. விலையை ஏற்றி வாடிக்கையாளர்களின் கோபத்தையும் சம்பாதித்திருந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். 2011இல் ஆக்ஸெல் என்ற வென்சர் கேபிடல் நிறுவனம் 10 லட்சம் டாலர் போட்டது, 2021 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். ஒருவருக்கு அவசரம் இல்லை, இன்னொருவருக்கு இருந்தது. உங்களுக்கு இருக்கிறதா என்று சொல்லலாம் என்று பார்த்தால், மூன்று பக்கக் கடிதத்தில் என்ன விற்கிறீர்கள் என்பதை எழுதவே இல்லை. எழுதி அனுப்புங்கள்.