கூடைப்பந்து கோச் தேர்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: விண்ணப்பித்தவர்களில் இருவர் என்.ஐ.எஸ். (பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம்) முடித்தவர்கள். தகுதியில் இருவரும் சமம்தானே? (அம்பாசமுத்திரம்)

பதில்: இல்லை. பாட்டியாலா டிப்ளமோ ஏறத்தாழ ஒரு வருடப் படிப்பு. ஆறு வாரச் சான்றிதழ் வேறு. விண்ணப்பத்தில் இரண்டுக்கும் ‘என்.ஐ.எஸ்.’ என்றே போடுவார்கள். அசலை வாங்கிப் படியுங்கள். படித்த பிறகு கோர்ட்டில் இறக்கி ஒரு மணி நேரம் பாருங்கள்.

கேள்வி: நல்ல கோச் வேண்டும். என்ன பார்த்து எடுக்க வேண்டும்? (ஊர் இல்லை)

பதில்: ஆண்கள் அணியா, பெண்கள் அணியா? முழு நேரமா, மாலை மட்டுமா? சம்பளம் எவ்வளவு? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்ல? முதலில் இவற்றை முடிவு செய்து விளம்பரத்திலும் போடுங்கள். பொருந்தாத ஆட்கள் பாதிப் பேர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

கேள்வி: ஒருவர் பழைய கல்லூரிக்கு ஏழெட்டுக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இன்னொருவரிடம் கோப்பையே இல்லை. நிர்வாகம் முதல் ஆளைத்தான் சொல்கிறது; எனக்குத் தயக்கம். (உடற்கல்வி இயக்குநர், பாளையங்கோட்டை)

பதில்: தயங்குவது சரி. இந்தக் கோப்பைக் கணக்குதான் நம் பக்கத்துக் கல்லூரி அணிகளைக் கெடுக்கிறது என்று வருஷா வருஷம் எழுதுகிறேன். அந்தக் கோப்பைகளை ஜெயித்த பையன்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று விசாரித்தீர்களா? விளையாட்டு விடுதியில் வளர்ந்து, மாநில அணிக்கு ஆடிவிட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த ஐந்து பேர் இருந்தால், கோச் யாராக இருந்தாலும் அணி ஜெயிக்கும். இடது கையில் லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் ஓடிவந்து பந்தைப் போடுவது) போடத் தெரியாமல் முதல் வருடம் வந்த பையன் மூன்றாம் வருடம் என்ன ஆனான்? அதைக் கேளுங்கள். அப்படி மூன்று பேரைச் சொல்லத் தெரியாத கோச் வேண்டாம்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு கல்லூரியில், வெளியூர் ஆட்டக்காரர்கள் டிகிரி முடித்துப் போனதும் ஐந்து பேரைச் சேர்க்கவே திண்டாடினார்கள். உள்ளூர்ப் பையன்கள் மூன்று வருடமும் தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுத்தே காலம் தள்ளியிருந்தார்கள். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகம் 1980-இல் மைக் ஷஷெஃப்ஸ்கியைக் கோச்சாக எடுத்தபோது, அவர் அதற்கு முந்தைய சீசனில் ராணுவக் கல்லூரி அணியோடு 9 ஆட்டம் ஜெயித்து 17 தோற்றிருந்தார். ட்யூக்கிலும் முதல் மூன்று சீசனைக் கூட்டினால் தோல்விதான் அதிகம். முதல் தேசியப் பட்டம் 1991-இல். 2022-இல் ஓய்வு பெறும்போது ஐந்து. நம் ஊரில் இரண்டாம் வருடமே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்கள்.

கேள்வி: நேர்முகத்தில் என்ன கேட்கலாம்? (தென்காசி)

பதில்: இரண்டு போதும். நாலாவது குவார்ட்டரில் இரண்டரை நிமிடம் மிச்சம், மூன்று டைம் அவுட்டும் (ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேசும் வாய்ப்பு) கையில் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுதான் எடுக்க முடியும், அதற்கு முன்பே ஒன்றை எடுக்காவிட்டால் போச்சு. இது தெரியாதவர் விதிப்புத்தகத்தைத் தொட்டு நாளாச்சு. அடுத்தது, சாரலில் கோர்ட் நனைந்து கிடந்தால் அன்றைக்கு என்ன பயிற்சி? ‘லீவு விடுவேன்’ என்பவர் உங்கள் ஊருக்கு ஆக மாட்டார். ஆனி, ஆடி முழுக்க லீவுதான்.

அப்புறம், அறைக்குள்ளேயே பேசி முடித்துவிடாதீர்கள். கோர்ட்டில் ஒரு மணி நேரம். சுமாராக ஆடும் பன்னிரண்டு பேரைக் கொடுங்கள். நல்ல ஆட்டக்காரர்களைக் கொடுத்தால் எல்லோரும் நல்ல கோச்சாகத்தான் தெரிவார்கள். எத்தனை பேர் வரிசையில் சும்மா நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: பெண்கள் கல்லூரிக்கு ஆண் கோச்சை எடுக்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: எடுக்கலாம். ஆனால் முன்பு அவரிடம் ஆடிய பெண்கள் இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசுங்கள். அவரே பெயர் கொடுத்தவர்களாக இருக்கக் கூடாது. பழைய கல்லூரியில் பாலியல் தொல்லைப் புகார்களைப் பார்க்கும் உள் புகார்க் குழுவிலும் விசாரியுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு ஒரு பெண் ஆசிரியர் கூடப் போக வேண்டும். இதற்கு முகம் சுளிப்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கூடைப்பந்து கோச்சே வாலிபால், கபடியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாமா? (வள்ளியூர்)

பதில்: முடியாது. மாலை 4 முதல் 6 வரை ஒரு ஆள் ஒரு மைதானத்தில்தான் நிற்க முடியும்.