மூன்றாவது ஆசிரியர் வருவாரா?

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் 8, இரண்டில் 10, மூன்றில் 13, நான்கில் 14, ஐந்தில் 14 என மொத்தம் 59 பிள்ளைகள். ஆசிரியர் இருவர்தான். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் மூன்றாவது ஆசிரியர் கிடைப்பாரா?
- பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: சட்டப்படி கிடைக்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஆனால் பார்ப்பது ஆகஸ்ட் 1 அன்று எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில், இருக்கும் பெயர்களை. வேறு பள்ளியிலிருந்து வந்த பிள்ளையைப் பழைய பள்ளி, எமிஸில் மற்ற பள்ளிகள் எடுத்துக்கொள்ளும் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கவில்லை என்றால், சாப்பாடு உங்கள் பள்ளியில், கணக்கு அந்தப் பள்ளியில். ஜூலை நடுவிலேயே வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பெயர் பெயராக ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒன்றாம் வகுப்பின் அந்த எட்டைப் பற்றித்தான். இப்போதைய 59-இல் அடுத்த ஜூனில் 14 பேர் ஆறாம் வகுப்புக்குப் போனால் மிச்சம் 45. மறுபடி எட்டே பேர் சேர்ந்தால் 53. அதற்கடுத்த ஆண்டு 47. இன்று வருகிற மூன்றாவது ஆசிரியர் அப்போது உபரி, பணி நிரவலில் (உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றுவதில்) போய்விடுவார். அடுத்த ஜூனில் 61-ஐத் தொட வேண்டுமானால் ஒன்றாம் வகுப்புக்கு 16 பேர் வர வேண்டும். ஜூன் வரை காத்திருக்காமல், ஜூலை 31-க்குள் 5 வயது முடிகிறவர்கள் யார் யார் என்று அங்கன்வாடியில் ஜனவரியிலேயே பட்டியல் எடுங்கள். வகுப்புவாரியாக ஆண், பெண் எண்ணிக்கையையும் பாருங்கள். பெண் பிள்ளைகள் மட்டும் கூடுதலாகத் தெரிந்தால், மகனைத் தனியார் வேனில் ஏற்றிவிட்டு மகளை இங்கே விடும் வீடுகள் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். பேச வேண்டிய வீடுகள் அவைதான்.

கேள்வி: செங்கல் சூளைக்கு வெளி மாவட்டத்திலிருந்து வந்த குடும்பத்தின் 9 வயதுப் பையனிடம் டி.சி.யும் இல்லை, பிறப்புச் சான்றும் இல்லை. சேர்க்கலாமா?

பதில்: சேர்த்தே ஆக வேண்டும். இவை இல்லை என்று சேர்க்கையை மறுக்க அதே சட்டத்தில் இடமில்லை. எழுத்து தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் தள்ளாதீர்கள். வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். சூளை வேலை முடிந்து மழைக்கு முன் ஊர் திரும்பிவிட்டால் ஆகஸ்ட் கணக்கில் அவன் வரமாட்டான். அதற்காகச் சேர்க்காமல் விடாதீர்கள். கிளம்பும் அன்றே டி.சி.யைக் கையில் கொடுத்து, எமிஸிலும் விடுவித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஊர்த் தலைமை ஆசிரியர் உங்களைத் தேடிப் போன் மேல் போன் போட வேண்டியிருக்கும்.