நேரலை ஜிபிஎஸ் வரைபடத்தில் நெடுந்தூர ட்ரெயில் சாதனை முயற்சியைச் சரியாகப் பின்தொடர்வது எப்படி?

கேள்வி: நாங்கள் திருவொற்றியூரில் காலையில் சேர்ந்து ஓடும் நண்பர்கள். அமெரிக்காவின் நெடுந்தூர மலைப் பாதையான அப்பலாச்சியன் ட்ரெயிலில் நடக்கும் வேகச் சாதனை முயற்சிகளை நேரலை வரைபடத்தில் பார்க்கிறோம். புள்ளி மணிக்கணக்கில் நகர்வதில்லை, பிறகு திடீரென்று தாவுகிறது. ஆள் சாதனைக்கு முன்னால் இருக்கிறாரா, பின்னால் இருக்கிறாரா என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்:

தினமும் காலை 9.30 மணிக்கு ஒரே ஒரு எண்ணை எழுதி வையுங்கள். ட்ரெயிலில் அவர் எத்தனையாவது மைலில் இருக்கிறார் என்பதே அந்த எண். கோடைக் காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். நமக்குக் காலை 9.30 என்றால் அங்கே சரியாக நள்ளிரவு. ஆகவே இன்றைய எண்ணுக்கும் நேற்றைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய ஒரு முழு நாள் தூரம். அந்த நேரத்தில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால் புள்ளியும் அசையாமல் ஒரே இடத்தில் கிடைக்கும். கலிஃபோர்னியாவிலிருந்து கனடா எல்லைக்குப் போகும் பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயிலுக்கு இதே வேலையை மதியம் 12.30க்குச் செய்யுங்கள். நேபாளத்தில் நடக்கும் முயற்சி என்றால் சிரமமே இல்லை, அவர்கள் நம்மைவிடக் கால் மணி நேரம்தான் முன்னால்.

அடுத்து மைல் எண்ணை எடுப்பது. வரைபடத்தில் விரலால் அளக்காதீர்கள், வரைபடம் தானாகக் காட்டும் மொத்தத் தூரத்தையும் நம்பாதீர்கள். ஓடுபவர் சுமக்கும் ட்ராக்கர் கருவி பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கி.மீ. போகிறவர் அதற்குள் 800 மீட்டருக்கு மேல் நடந்திருப்பார். அந்த 800 மீட்டரில் பாதை எத்தனை முறை வளைந்து ஏறி இறங்கினாலும் வரைபடம் இரண்டு புள்ளிகளையும் ஒரே நேர்க்கோட்டால் இணைத்துவிடும். தேரடியிலிருந்து காசிமேட்டுக்குத் தெருத்தெருவாக நடந்துவிட்டு, கூரைகளுக்கு மேலே கயிறு கட்டி அளப்பதைப் போன்றது இது. தூரம் எப்போதும் குறைவாகவே வரும்.

எனவே கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில் உள்ள சாலைக் கடவு, தங்கும் குடில், மலைக் கணவாய் ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். ஃபார்அவுட் போன்ற ட்ரெயில் ஆப்களிலும் ட்ரெயிலின் தூர அட்டவணைகளிலும் அதன் மைல் எண் இருக்கும். இந்த எண்கள் வழக்கமாகத் தெற்கு முனையான ஜார்ஜியாவின் ஸ்ப்ரிங்கர் மலையைப் பூஜ்யமாக வைத்து வடக்கு முனையான மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலை வரை ஏறும். அதனால் தெற்கு நோக்கி வருபவருக்கு அட்டவணை எண்ணே மீதித் தூரமாகிவிடும், கழித்தல்கூட வேண்டாம்.

பாதையைத் திருத்தி அமைத்துக்கொண்டே இருப்பதால் ட்ரெயிலின் மொத்த நீளம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். 2015இல் 2,189 மைல் என்று சொல்லப்பட்டது, 2024இல் 2,197 மைலைத் தாண்டிவிட்டது. பழைய ஓட்டத்தோடு ஒப்பிடும்போது மைலுக்குப் பதில் சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. படகில் சொல்லும் மைல் கடல் மைல், 1.852 கி.மீ. ட்ரெயில் மைல் 1.609 கி.மீ. 385 மைல் மீதி இருக்கும்போது இந்தக் குழப்பம் நேர்ந்தால் கணக்கில் 93 கி.மீ. கூடிவிடும். சாதனை ஓட்டத்தில் அது ஒரு நாளுக்கும் மேற்பட்ட ஓட்டம்.

இனி முக்கியமான கணக்கு. இந்த ட்ரெயிலின் ஒட்டுமொத்த வேகச் சாதனையை 2024 செப்டம்பரில் டாரா டவர் 40 நாள் 18 மணி 6 நிமிடத்தில் படைத்தார். அதற்கு முன் 2018இல் கரேல் சாபே எடுத்த நேரம் 41 நாள் 7 மணி 39 நிமிடம். டாரா டவரின் சராசரி நாளுக்கு சுமார் 87 கி.மீ. சென்ட்ரலிலிருந்து சூலூர்பேட்டை வரை புறநகர் ரயில் போகிற தூரத்தைவிடச் சற்று அதிகம். அதையும் மலை ஏறி இறங்கி, நாற்பது நாளும் விடாமல் செய்தார்.

இப்போது ஒருவர் தெற்கு நோக்கி வருகிறார், 33 நாள் 14 மணி கடந்துவிட்டது, அட்டவணை எண் 385 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 620 கி.மீ. கடந்த 72 மணி நேரத்தில் 249 கி.மீ. வந்திருக்கிறார் என்றால் நாளுக்கு 83. 620ஐ 83ஆல் வகுத்தால் 7.47 நாள், அதாவது 7 நாள் 11 மணி. மொத்தம் 41 நாள் 1 மணியில் முடிப்பார். 2018 சாதனையை ஆறு மணி நேரத்தில் முறியடிப்பார், 2024 சாதனையை ஏழு மணி நேரத்தில் தவறவிடுவார்.

இதோடு நிறுத்தாமல் தலைகீழாகவும் போடுங்கள். இன்றைய சாதனைக்கு மீதி இருப்பது 172 மணி. 620 கி.மீ.யை அதற்குள் முடிக்கத் தூக்கத்தையும் சேர்த்து மணிக்கு 3.6 கி.மீ., நாளுக்கு 86.5 வேண்டும். இப்போதைய வேகத்தைவிட நாளுக்கு மூன்றரை கி.மீ. கூடுதல். மணிக்கு 5 கி.மீ. போகிறவருக்கு அது 42 நிமிடம். ஐந்து வாரம் ஓடிய உடம்பு இதற்கு மேல் வேகத்தைக் கூட்டாது. அந்த 42 நிமிடம் தூக்கத்திலிருந்துதான் வரவேண்டும், அதுவும் ஏழு நாளும். இதைப் போட்டுப் பார்த்த பிறகு இரவுப் புள்ளிகளைப் பாருங்கள். எத்தனை மணிக்கு நின்றார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது அவர் சாதனையைத் துரத்துகிறாரா, விட்டுவிட்டாரா என்று காட்டிக்கொடுக்கும். பகல் புள்ளிகள் அவ்வளவு சொல்லாது.

72 மணி சராசரியை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மணி நேர வேகத்தை எடுத்தால் தூக்கம் விட்டுப்போகும். ஒரு நாளை மட்டும் எடுத்தால் ஒரு புயல் மழை கணக்கைக் கெடுத்துவிடும். முதல் நாளிலிருந்து எடுத்தால் நிலப்பரப்பு ஏமாற்றும்.

நிலப்பரப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டாரா டவர் வடக்கிலிருந்து தெற்காக வந்தார், சாபே தெற்கிலிருந்து வடக்காகப் போனார். பாறைமேல் பாறையாகக் கிடக்கும் தெற்கு மெயின், நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகள் எல்லாம் வடக்கு முனைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தெற்கு நோக்கி வருபவருக்கு இவை முதல் வாரங்களில் வந்துவிடும். அப்போது அவருடைய சராசரி படுமோசமாகத் தெரியும், அது பின்தங்கல் ஆகாது. வர்ஜீனியா மட்டுமே ட்ரெயிலில் ஏறக்குறைய கால் பங்கு, ஒப்பீட்டளவில் ஓடக்கூடிய பாதை. அங்கே இழந்ததைப் பிடிப்பார்கள். வடக்கு நோக்கிப் போகிறவருக்கு நேர் எதிர். வர்ஜீனியாவில் ஒரு நாள் முன்னிலை கையில் இருந்தாலும் வெள்ளை மலைகளில் அது கரையும். ஆகவே தெற்கு நோக்கி வருபவரை 2016இல் அதே திசையில் 45 நாள் 22 மணி 38 நிமிடத்தில் முடித்த கார்ல் மெல்ட்சரோடும் டாரா டவரோடும் ஒப்பிடுங்கள். வடக்கு நோக்கிப் போகிறவரைச் சாபேயோடும், 2015இல் 46 நாள் 8 மணி 7 நிமிடம் எடுத்த ஸ்காட் ஜூரெக்கோடும் ஒப்பிடுங்கள். ஜூரெக் முறியடித்தது 2011இல் ஜெனிஃபர் ஃபார் டேவிஸ் வைத்த 46 நாள் 11 மணி 20 நிமிடம். 46 நாளுக்குப் பிறகும் இடைவெளி மூன்றே மணி நேரம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி புள்ளி நிற்பதைப் பற்றி. பெரும்பாலும் ஆள் நிற்பதில்லை, செய்திதான் நிற்கிறது. ட்ராக்கர் இரண்டு வேலை செய்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கித் தன் இடத்தைக் கணக்கிடுகிறது, பிறகு வேறு ஒரு செயற்கைக்கோள் கூட்டத்தின் வழியாக அதை அனுப்புகிறது. முதல் வேலை நடந்து இரண்டாவது நடக்காமல் போவது சகஜம். கார்மின் இன்ரீச் கருவி இரிடியம் கூட்டத்தை நம்புகிறது. 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, தொடர்பு இருவழி, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கருவிக்குத் தெரியும். ஸ்பாட் வகைக் கருவிகளின் எளிய மாதிரிகள் குளோபல்ஸ்டார் என்ற இன்னொரு செயற்கைக்கோள் கூட்டத்தின் வழியாக ஒருவழியில் அனுப்புகின்றன. போய்ச் சேர்ந்ததா என்று அவற்றுக்குத் தெரியாது, தவறிய புள்ளி தவறியதுதான்.

ஆகஸ்டு மாதத்தில் அப்பலாச்சியன் ட்ரெயில் தலைக்கு மேலே முழுவதும் இலை. நடப்பவர்கள் அதைப் பச்சைச் சுரங்கம் என்பார்கள். மழைக்குப் பின் நனைந்த இலை சிக்னலை இன்னும் குடிக்கும். காசிமேட்டுப் படகில் ஜிபிஎஸ் சொன்னபடி கேட்பதற்குக் காரணம் மேலே வானம் முழுசாகத் திறந்திருப்பது. ஆழமான பள்ளத்தாக்கில் வானத்தின் ஒரு கீற்றுதான் கிடைக்கும்.

மற்ற காரணங்கள் சாதாரணமானவை. கருவி பையின் அடியில் போய்விட்டது, அல்லது ஆன்டெனா முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. பேட்டரி தீர்ந்தது. பழைய ஸ்பாட் மாதிரிகளில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ட்ராக்கிங்கை மறுபடி அழுத்த வேண்டும், களைப்பில் மறந்துவிடுவார்கள். சில மாதிரிகளில் அசைவு உணரி இருக்கிறது, ஆள் படுத்ததும் அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். கருவியை மாற்றினால் பழைய கருவியின் புள்ளி அப்படியே கிடக்கும், புதியது வேறு நிறத்தில் ஓடும், பக்கத்தைப் புதுப்பிக்காதவர்கள் பழையதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொதுவாக மூன்று மணி நேரம் வரை கவலையே வேண்டாம்.

இதை விம்கோ நகர் மெட்ரோவில் கண்ணால் பார்க்கலாம். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஆப்பை வண்ணாரப்பேட்டையில் தரைக்கு மேலே தொடங்கிவிட்டு ரயில் ஏறுங்கள். தண்டையார்பேட்டை வரை சுரங்கம், புள்ளி தொலைந்துவிடும் அல்லது தாறுமாறாகத் துள்ளும். அதைத் தாண்டி ரயில் மேம்பாலத்தில் வந்ததும் ஒரே தாவலில் ஆளைப் பிடிக்கும், இடையில் வீடுகளுக்கு மேல் ஒரு நேர்க்கோடு போடும். நீங்கள் கேட்ட தாவல் இதுதான்.

எந்தத் தாவலையும் வேகத்தால் சோதியுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை நேர இடைவெளியால் வகுத்து, மலைப் பாதையில் மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு புள்ளி பாதையை விட்டு விலகி, அடுத்தது பாதைக்கே திரும்பினால் அது பாறைச் சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னல், தூக்கி எறியுங்கள். புள்ளிகள் வரிசையாகச் சாலையில் மணிக்கு 60 கி.மீ. போனால் கருவி துணைக்குழுவின் வண்டியில் இருக்கிறது. துணைக்குழுவோடு ஓடுபவர் சாலைக் கடவில் வண்டியில் ஏறி வேறிடத்தில் தூங்கலாம், விதி அனுமதிக்கிறது. மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஏறிய புள்ளியும் இறங்கிய புள்ளியும் ஒன்றா என்று பாருங்கள். துணைக்குழு இல்லாத வகையில் ஓடுபவரின் புள்ளி வண்டி வேகத்தில் ஓடினால் மட்டும் அது பெரிய விஷயம்.

நேரலை வரைபடம் மட்டுமே சாதனைக்குச் சான்று ஆகாது. கைக்கடிகாரம் பாதையைப் பதிவு செய்யும் ஜிபிஎக்ஸ் கோப்புகளும் புகைப்படங்களும் சேர்ந்தே சரிபார்க்கப்படும். ஆனால் நேரலைப் புள்ளி அந்தந்த நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் பதிவாவதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. எனவே காலை 9.30 பதிவை ஒரு விரிதாளில் வையுங்கள். தேதி, மைல் எண், நாள் தூரம், 72 மணி சராசரி, முடிக்கும் நேரக் கணிப்பு என ஐந்து பத்தி போதும். ஸ்பாட் பொதுப் பக்கம் கடைசி ஏழு நாள் புள்ளிகளைத்தான் காட்டும், பழையவை மறைந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். புள்ளி நின்றவுடன் துணைக்குழுவுக்குச் செய்தி அனுப்பாதீர்கள். அவர்களுக்கும் சிக்னல் குறைவு, தூக்கமும் குறைவு. தனியாக ஓடும் பெண் இன்றிரவு எந்தக் குடிலில் தங்குவார் என்ற கணிப்பைப் பொதுவெளியில் எழுதவே எழுதாதீர்கள். அந்த இடத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் நிற்க முடியும்.

நீங்களே இப்படி ஒரு முயற்சியைச் செய்ய நினைத்தால், வெளிநாட்டிலிருந்து இன்ரீச் வரவழைக்க வேண்டாம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் இதற்காகப் பயணிகளைப் பிடித்திருக்கிறார்கள். இடத்தை நேரலையில் பகிரும் கார்மின் லைவ்ட்ராக், ஸ்ட்ராவா பீக்கன் இரண்டும் மொபைல் நெட்வொர்க்கிலேயே ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கு ஓடட்டும், மற்றவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் புள்ளியைக் குறித்துத் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஓடியவரின் கைக்கடிகாரத் தூரத்தோடு ஒப்பிட்டால் நேர்க்கோடு எவ்வளவு விழுங்குகிறது என்று தெரியும். எண்ணூர் விரைவு சாலை பெரும்பாலும் நேர்ச் சாலை, வித்தியாசம் குறைவாக வரும். அதே சோதனையைத் தண்டையார்பேட்டைச் சந்துகளுக்குள் ஒருமுறை செய்து பாருங்கள்.